எஸ்.ஜி.பி.டி. கூடினால் குடித்தாள் என்று அர்த்தமா?



இந்தப் பகுதியில் வரும் சமையல் குறிப்புகளையும், மாமியார் - மருமகள் அனுபவங்களையும் விடாமல் படிக்கிறவள் நான். எழுத வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. இப்போது எழுத வைத்திருப்பது ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு. அதில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரி வரும், பார்த்திருப்பீர்கள். சில லேபுகளில் இதையே ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று அச்சடிக்கிறார்கள். பெயர்தான் வேறு, சமாசாரம் ஒன்றுதான். இந்த எண்கள் கூடியிருந்தால் எங்கள் பக்கத்தில் ஆளுக்குத் தகுந்த மாதிரி தீர்ப்பு சொல்லி விடுவார்கள். ஆண் என்றால், "குடியை நிறுத்தச் சொல்லு." குழந்தை என்றால், "காமாலை, பச்சிலை கொடு." பெண் என்றால்? அங்கேதான் வாய் கூசாமல் பேசுகிறார்கள்.

என் நாத்தனார் வடமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். வயது 43. போன வருஷம் அவர்கள் ஊரில் தனியார் லேப்காரர்கள் முகாம் போட்டு, சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை என்று ரத்தம் எடுத்தார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சீட்டு வந்தது. நாத்தனாருக்கு எஸ்.ஜி.பி.டி. 94, எஸ்.ஜி.ஓ.டி. 61. பக்கத்திலேயே '40 வரை' என்று அளவைப் போட்டு, இவள் எண்ணை மட்டும் கறுப்பாக அழுத்தி அடித்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை. பதினைந்து வருஷமாக ராத்திரி குவார்ட்டர் இல்லாமல் சாப்பாட்டுக்கு உட்காராத மனுஷர். அவருக்கு எஸ்.ஜி.பி.டி. 37!

"பாத்தியா, குடிக்கிற எனக்கு நார்மல். குடிக்காத உனக்கு ஈரல் போச்சு" என்று சிரித்தாராம். அந்தச் சந்தோஷத்தில் அன்று ராத்திரி இன்னொரு குவார்ட்டர் வேறு!

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஒரு காதுகுத்து வீட்டுப் பந்தியில் வைத்து அவள் ஓரகத்தி, "ஒண்ணுமில்லாமலா ஈரல் கெடும்? அவுக மிச்சம் வச்சத யாரு குடிச்சான்னு யாரு கண்டா?" என்று கேட்டு விட்டாள். நாலு பேர் சிரித்தார்கள். நாத்தனார் எனக்குப் போன் போட்டு அழுதாள். "மதினி, அந்த நாத்தம் பட்டாலே எனக்குக் கொமட்டும். என்னயப் போயி இப்படிச் சொல்லிட்டாளே. என் பொண்ணுக்கு வரன் பாக்குற நேரம்..." அவளுக்கு ஈரலை விட அந்தப் பேச்சுதான் பெரிய நோவாக இருந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுக்க இருக்கிற தாய்க்கு இப்படி ஒரு பேர் வந்தால் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும்.

நான் டாக்டர் இல்லை. பத்தாவது வரைதான் படிப்பு. ஆனால் என் மகள் நர்சிங் முடித்து வேலை பார்க்கிறாள். இரண்டு சீட்டையும் அவளிடம் நீட்டினேன். அவள் சொன்னது, பிறகு திண்டுக்கல்லில் டாக்டர் விளக்கியது, நானாகத் தேடிப் படித்தது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த எண் என்ன என்று பார்ப்போம். எங்கள் அய்யலூர்த் தக்காளி மார்க்கெட்டுக்கு வந்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். அடுக்கி வைத்த பெட்டியின் அடியில் சாறு வடிந்தால் உள்ளே சில பழம் நசுங்கியிருக்கிறது என்று தெரியும். வண்டி குலுங்கியதா, மேலே பாரம் ஏற்றினார்களா, பழமே அழுகலா என்பதைச் சாறு சொல்லாது. பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஈரலும் அப்படித்தான். எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் ஈரல் செல்லுக்குள் வேலை செய்கிற நொதிகள், அதாவது என்சைம்கள். எல்லார் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். செல் அடிபட்டால் ஒழுகி ரத்தத்தில் கூடுதலாக வரும். அவ்வளவுதான். அடித்தது சாராயமா, சர்க்கரையா, வைரஸா, மாத்திரையா என்று அந்த எண்ணில் எழுதியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. வற்றிச் சுருங்கிய பழம் நிறைந்த பெட்டியில் சாறு எங்கிருந்து வடியும்? வருஷக் கணக்காக அடிபட்டு, தழும்பு ஏறி, ஈரல் சுருங்கிப் போனவர்களுக்கு (சிரோசிஸ் என்பார்கள்) ஒழுகுவதற்கு நல்ல செல்லே குறைவு. எண் 'நார்மல்' என்றே வரலாம். இதைக் கேட்டதும் எனக்கு அண்ணனின் 37 ஞாபகத்துக்கு வந்து வயிற்றைக் கலக்கியது.

அவர் பார்த்தது எஸ்.ஜி.பி.டி.யை மட்டும்தான். அதற்கு மேல் வரியில் எஸ்.ஜி.ஓ.டி. 72 என்று இருந்ததைக் கவனிக்கவே இல்லை. என் மகள் அதைத்தான் முதலில் பார்த்தாள். கொழுப்பு ஈரலில் பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி.தான் மேலே நிற்கும். குடியால் கெடும் ஈரலில் எஸ்.ஜி.ஓ.டி. மேலே போகும், பல பேருக்கு இரண்டு மடங்கு வரை. 72-ஐயும் 37-ஐயும் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நாத்தனாருக்கோ 61-ம் 94-ம். குடித்தவர் யார் என்று ஓரகத்திக்குச் சீட்டே பதில் சொல்லியிருக்கிறது, படிக்கத்தான் ஆளில்லை! (இந்தக் கணக்கு மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் குடிகாரர் என்று சொல்லவும் முடியாது. குடிக்காதவருக்கும் ஈரல் சுருங்கும் கட்டத்தில் எஸ்.ஜி.ஓ.டி. மேலே போய் விடும்.)

அதோடு மகள் விடவில்லை. முகாம் சீட்டில் தட்டணு, அதாவது பிளேட்லெட் எண்ணிக்கையும் இருந்தது. டெங்குக் காலத்தில் நாம் எல்லாரும் கற்றுக்கொண்ட வார்த்தை. ஈரலில் தழும்பு ஏறினால் மண்ணீரல் வீங்கி, தட்டணு குறையும். நாத்தனாருக்கு 2,60,000. அண்ணனுக்கு 1,05,000. செல்போனில் கால்குலேட்டரைத் தட்டி ஒரு கணக்குப் போட்டாள். ஃபிப்-4 என்று பெயர். 2006-ல் வெளிவந்த முறையாம். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கணும். தட்டணுவை ஆயிரக் கணக்கில் எடுத்து (2,60,000 என்றால் 260), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கணும். முதலில் வந்ததை இரண்டாவதால் வகுக்கணும். 1.3-க்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேலே வந்தால் தழும்பு நிறைய ஏறியிருக்கலாம், உடனே டாக்டரிடம் ஓடணும். நாத்தனாருக்கு 1.04 வந்தது. அண்ணனுக்கு 51 வயது, அவருக்கு 5.7!

பாருங்கள் சகோதரிகளே, ஊர் சொன்ன தீர்ப்பு அப்படியே தலைகீழ். பந்தியில் தலை குனிந்தவளுக்குச் சரிசெய்யக் கூடிய கோளாறு. சிரித்துக்கொண்டிருந்தவருக்கு ஆபத்து.

இந்தக் கணக்கு 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சரிப்படாது. 65-க்கு மேலே போனால் வயதாலேயே கூடிக் காட்டும் என்பதால் கீழ் எல்லையை 2 என்று வைக்கிறார்கள். வீட்டில் போட்டுப் பார்த்து நாமே முடிவு கட்டவும் கூடாது. டாக்டரிடம் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிற மனுஷரைக் கிளப்ப உதவும். அந்த வகையில் எங்கள் வீட்டில் உதவியது.

இனி, குடிக்காத பெண்ணுக்கு ஏன் கூடுகிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் நம் பக்கத்துக்கு முக்கியம்.

பெரும்பாலும் கொழுப்பு ஈரல்தான். 'ஃபேட்டி லிவர்' என்று ஸ்கேனில் எழுதிக் கொடுப்பார்கள். சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில், 2009-ல் வெளிவந்த கணக்குப்படி, ஸ்கேன் செய்த 541 பேரில் 32 சதவீதம் பேருக்கு இது இருந்தது. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பட்டணம், நாம் காடு கழனியில் வேலை செய்கிறவர்கள், நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். மேற்கு வங்காளத்தில் கிராமத்து ஜனங்களைப் பார்த்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 9 சதவீதம் பேருக்கு இருந்தது; அவர்களில் முக்கால்வாசிப் பேர் குண்டானவர்களே இல்லை! நம் நாட்டுக்காரர்களுக்கு உடம்பு ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து விடுகிறது. 2021-ல் மத்திய அரசு சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கான தேசியத் திட்டத்திலேயே இந்தக் கொழுப்பு ஈரலையும் சேர்த்து விட்டது.

என் நாத்தனார் நெய் சாப்பிடுகிறவளா என்றால் இல்லை. கறி வாரம் ஒரு நாள். பிறகு எப்படிக் கொழுப்பு? அவளுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் சர்க்கரை போட்ட டீ, பத்து மணிக்கு ஒன்று, மதியம் சோறு குவித்து ரசமும் ஒரு கரண்டி பொரியலும், மூன்று மணிக்கு டீயும் பன்னும், ராத்திரி மிச்சச் சோறு வீணாகிறதே என்று அதையும் இவளே சாப்பிடுவது. நம்மில் எத்தனை பேர் இப்படி வீட்டின் குப்பைத் தொட்டியாக இருக்கிறோம்! தேவைக்கு மேல் போகிற மாவும் சர்க்கரையும் ஈரலுக்குள் கொழுப்பாக மாறுகிறது. எண்ணெயை மட்டும் குறைத்துப் புண்ணியமில்லை. அவளுக்குச் சர்க்கரை நோயும் ஆரம்பமாகி இருந்தது. வெறும் வயிற்றில் 138. கொழுப்பு ஈரலும் சர்க்கரையும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி, ஒருவர் வந்தால் மற்றவரையும் கூட்டி வருவார்கள்.

இதற்கு வைத்தியம் என்ன என்று டாக்டரைக் கேட்டபோது, மாத்திரையை விட எடையைப் பற்றித்தான் பேசினார். இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கும். ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் வீக்கமும் தணியும். நாத்தனார் 68 கிலோ இருந்தாள். சோற்றைப் பாதியாக்கி, காயையும் பயறையும் கூட்டி, டீயில் சர்க்கரையை விட்டு, சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் முக்கால் மணி நேரம் நடக்க ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் 63 கிலோ. எஸ்.ஜி.பி.டி. 94-லிருந்து 46-க்கு இறங்கியது. இப்போதும் கூடுதல்தான், பெண்களுக்கு 25-க்குள் இருந்தால்தான் நல்லது என்று ஈரல் டாக்டர்கள் பலர் சொல்கிறார்கள், லேப் சீட்டில் 40 என்று போட்டிருந்தாலும்.

காப்பிப் பிரியைகளுக்கு ஒரு நல்ல சேதி. காப்பி குடிக்கிறவர்களுக்கு இந்த நொதிகள் குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை இல்லாமல் என்பது என் நாத்தனாருக்கு மட்டும் கெட்ட சேதி!

கொழுப்பு ஈரல் இல்லாமல் கூடுகிற காரணங்களும் பெண்களுக்கு உண்டு. தைராய்டு குறைந்திருந்தால் இந்த எண் லேசாக ஏறும். 'ஆட்டோஇம்யூன்' என்று உடம்பின் காவல் படையே ஈரலைத் தாக்கும் நோய் ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் அதிகம். அதற்குத் தனி மருந்து இருக்கிறது, கண்டுபிடித்தால் நன்றாகக் கட்டுப்படும். பித்தப்பைக் கல் நழுவிக் குழாயை அடைத்தாலும் திடீரென்று கூடும், கூடவே வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி கொல்லும். பிள்ளைகளுக்கும் வாலிபப் பசங்களுக்கும் காரணமில்லாமல் கூடியிருந்தால் 'வில்சன்' என்ற செம்பு சேரும் நோயையும் பார்ப்பார்கள்.

கர்ப்பிணிகள் விஷயம் தனி. சாதாரணக் கர்ப்பத்தில் எஸ்.ஜி.பி.டி. கூடாது. கூடினால் 'மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்' என்று விடக் கூடாது. கடைசி மூன்று மாதத்தில் உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு, மேல் வயிற்று வலி, தலைவலியோடு ரத்தக் கொதிப்பு, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அசுத்தத் தண்ணீரால் வருகிற 'ஈ' வகைக் காமாலை மற்றவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகப் போய் விடும். கடைசி மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால் நூற்றில் இருபது பேர் வரை உயிருக்கே ஆபத்தாகி விடுகிறது. ஐந்தாம் மாசம், ஏழாம் மாசம் வளைகாப்பு என்று கூட்டமாகச் சாப்பிடும் இடங்களில் தண்ணீரைக் காய்ச்சி வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

இன்னொரு விஷயம் எண்ணின் அளவு. நூறுக்கு உள்ளே என்றால் பெரும்பாலும் கொழுப்பு ஈரல் மாதிரி மெதுவான கோளாறு. ஆயிரத்தைத் தாண்டினால் புதிதாக வந்த வைரஸ் காமாலை, மருந்து விஷமாகிப் போனது, ஈரலுக்கு ரத்த ஓட்டம் நின்றது என்று அவசரக் காரணங்களைத் தேடுவார்கள். ஆனால் கடுங்காமாலையில் எண் மளமளவென்று இறங்குகிறதே என்று சந்தோஷப்படவும் முடியாது. கண் மஞ்சள் குறையாமல், ஆள் குழம்பிப் பேசி, எண் மட்டும் இறங்கினால் ஈரல் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ரத்தம் உறைகிற நேரத்தையும் பார்க்க வேண்டும்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். நம் வீட்டு அலமாரியில் எப்போதும் இருக்கும் பாரசிட்டமால், அளவோடு போட்டால் நல்ல மருந்து. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு. மெலிந்தவர்களுக்கும் குடிக்கிறவர்களுக்கும் அதிலும் குறைவு. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, மேல் வலிக்கு ஒன்று என்று மெடிக்கல் கடையில் கலவையாகக் கொடுக்கிறார்களே, அந்த மூன்றிலும் இதே பாரசிட்டமால் ஒளிந்திருக்கலாம். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். காசநோய் மாத்திரைகளில் மூன்று, ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, ஈரலைப் பாதிக்கக் கூடியவை. அதற்காக நாமே நிறுத்தினால் நோய் முற்றி மருந்துக்கு அடங்காமல் போகும். வாந்தி, பசியின்மை, மஞ்சள் சிறுநீர் என்றால் உடனே காசநோய்ப் பிரிவில் சொல்ல வேண்டும். அவர்கள் ரத்தம் பார்த்து மாற்றித் தருவார்கள்.

இப்போது கீழாநெல்லிக்கு வருகிறேன். இதைத் தொட்டால் எனக்கு எதிர்க் கடிதம் வரும் என்று தெரியும்! கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. அதன் கதை நம் தமிழ்நாட்டுக்கே பெருமையான கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் எஸ்.பி.தியாகராஜன், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். அவருடைய குழு, ஹெபடைடிஸ் 'பி' வைரஸைச் சுமந்து கொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லியை உலர்த்திப் பொடி செய்து, 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, முப்பது நாள் கொடுத்துப் பார்த்தது. கூட இருந்தவர் யார் தெரியுமா? அந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்க டாக்டர் பரூக் புளும்பர்க்! 1988-ல் 'லான்செட்' என்ற பெரிய மருத்துவப் பத்திரிகையில் முடிவு வெளிவந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் மறைந்தது. உலகமே நம் ஊர் வரப்போரச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1990-ல் தாய்லாந்திலும், 1994-ல் நியூசிலாந்திலும் இதே இனத்துச் செடியை 'பி' வைரஸ் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. வேறு ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆகவே இன்று 'பி' வைரஸுக்கு டாக்டர்கள் கொடுப்பது டெனோஃபோவிர் மாதிரியான மாத்திரைகளைத்தான்.

'எங்க அப்பத்தா எத்தனை பேருக்குக் காமாலையைக் கீழாநெல்லியால குணமாக்குச்சு' என்று கேட்பீர்கள். எங்கள் அப்பத்தாவும்தான் அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கிராமத்தில் பிள்ளைகளுக்கு வருகிற காமாலை அநேகமாக 'ஏ' வகை. அது மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சில வாரத்தில் போய் விடும். போகிற நேரத்தில் கொடுத்த மருந்துக்குப் பேர் கிடைக்கும். 'பி', 'சி' வகைகளில் கண் மஞ்சள் போனாலும், அல்லது மஞ்சளே வராவிட்டாலும், வைரஸ் உள்ளேயே உட்கார்ந்து இருபது முப்பது வருஷத்தில் ஈரலைச் சுருக்கி விடலாம். பச்சிலை கொடுத்தாயிற்று, கண் வெளுத்தாயிற்று என்று அதைத் தேடாமல் விட்டால்தான் கேடு. ஆசைக்குக் கீழாநெல்லி குடிப்பதாக இருந்தாலும், ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., ஹெச்.சி.வி. இரண்டையும் பார்த்து விடுங்கள். கையில் சூடு போடுவது, கண்ணில் சாறு பிழிவது, உப்பும் எண்ணெயும் இல்லாமல் மாதக் கணக்கில் பட்டினிப் பத்தியம் போடுவது, இவற்றையெல்லாம் தயவுசெய்து நிறுத்துங்கள். காமாலைக்காரர்களுக்குப் பசி எடுத்தால் வீட்டில் செய்கிற சாதாரணச் சாப்பாட்டையே கொடுக்கலாம்.

பச்சிலை என்றாலே பக்க விளைவு இல்லை என்பதும் சரியல்ல. கொரோனா நேரத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று எல்லாரும் சீந்தில் கொடிக் கஷாயம் குடித்தார்கள். 2020-ல் மும்பையில் அப்படிக் குடித்த ஆறு பேருக்கு ஈரல் வீங்கியதை அங்குள்ள டாக்டர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. 2022-ல் நாட்டின் 13 மருத்துவமனைகள் சேர்ந்து 43 பேரின் விவரத்தை வெளியிட்டன. அதனால்தான் சொல்கிறேன், டாக்டர் 'என்ன மருந்து சாப்பிடுறீங்க' என்றால் கஷாயம், லேகியம், உடம்பு குறைக்கும் பொடி எல்லாவற்றையும் சொல்லி விடுங்கள். திட்டுவாரே என்று மறைத்தால் காரணம் பிடிபடாது.

'பி' வைரஸ் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பிரசவத்தில் போகும். பிறந்து 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் பெரும்பாலும் தடுத்து விடலாம். தாய்க்கு வைரஸ் இருப்பது முன்பே தெரிந்திருந்தால் கூட ஒரு எதிர்ப்பு ஊசியும் போடுவார்கள். 2011 முதல் நாடு முழுக்க அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 'பி' ஊசி சேர்ந்திருக்கிறது. அதற்கு முன் பிறந்த நம் பிள்ளைகளும், நாமும் அநேகமாகப் போட்டிருக்க மாட்டோம். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 'பி', 'சி' இரண்டுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'சி' வகையை மூன்று மாத மாத்திரையிலேயே அநேகருக்கு முழுதாகக் குணப்படுத்தி விடுகிறார்கள். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியே மருத்துவக் கல்லூரி ஆகி விட்ட பிறகு இதற்கெல்லாம் மதுரைக்கு ஓட வேண்டும் என்று நினைக்காமல் முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

அண்ணன் கதையைப் பாதியில் விட்டேன். 5.7 என்று கேட்டும் அவர் அசையவில்லை. "பேப்பர்ல இருக்குறது பேப்பர்" என்றார். நாத்தனார்தான், "என் பேப்பர வச்சி ஊரு என்னயக் குடிகாரின்னுச்சு. இப்ப உங்க பேப்பர வச்சி ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஸ்கேனில் ஈரல் மேடும் பள்ளமுமாக, மண்ணீரல் வீங்கி இருந்தது. ஜி.ஜி.டி. என்ற இன்னொரு நொதி 210. வைரஸ் இரண்டும் இல்லை. டாக்டர், "இனி ஒரு சொட்டும் கூடாது" என்று சொல்லிவிட்டு, திடீரென்று வீட்டில் நிறுத்தினால் கை நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம் என்று ஆஸ்பத்திரியிலேயே வைத்து நிறுத்தினார்கள். இது குடிக்கிறவர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது; பிடிவாதமாகப் பாட்டிலை ஒளித்து வைத்து நாமே நிறுத்தப் போனால் விபரீதமாகலாம். நாலு மாதமாகக் குடிக்கவில்லை. போன மாதம் வண்டிக் கருப்பணசாமி கோயிலில் சத்தியம் செய்திருக்கிறார். சாமி மேல் நம்பிக்கை எனக்கும் உண்டு. இருந்தாலும் மாதாமாதம் டாக்டரிடமும் கூட்டிப் போகிறாள் நாத்தனார்.

ஓரகத்தி இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் சமீபத்தில் அவளுக்கும் சர்க்கரை 160 வந்து, "ஏத்தா, அந்த ஈரல் டெஸ்ட்ட நானும் பாக்கணுமா?" என்று நாத்தனாரிடமே வந்து கேட்டாளாம். பார்க்கத்தான் வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள், தொப்பை உள்ளவர்கள், முன்பு எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், வீட்டில் யாருக்காவது 'பி' வைரஸ் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையன்று கறிக்கடையில், "ஈரலுக்கு ஈரல்" என்று ஆட்டு ஈரலை வாங்கிக் கொடுக்கச் சொல்லி எனக்கும் நாலு பேர் யோசனை சொன்னார்கள். ரத்தசோகைக்கு அது நல்லது. நம் ஈரல் வீக்கத்தை ஆட்டு ஈரல் ஆற்றாது.

கடைசியாக ஒரு விவரம். எஸ்.ஜி.ஓ.டி. ஈரலில் மட்டும் இல்லை. தசையிலும், இதயத்திலும், சிவப்பணுவிலும் இருக்கிறது. 1954-ல் நியூயார்க்கில் இதை முதன்முதலில் பார்த்ததே மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில்தான். ஈரலுக்கு என்று வந்தது அடுத்துத்தான். அதனால் வழக்கமில்லாத கடுமையான வேலை செய்தால் இந்த எண்கள் ஒரு வாரம் வரைகூடக் கூடிக் காட்டலாம். சந்தேகம் வந்தால் சி.பி.கே. என்று தசைக்கான பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் தக்காளிப் பெட்டி தூக்கப் போகிறவர்களும், புதிதாக ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளும் மறுநாளே ரத்தம் கொடுக்காமல் ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள். போகும்போது பழைய சீட்டையும், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும், கஷாயப் பொடி டப்பாவையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

- ஒரு வாசகி, அய்யலூர்.